கண்ணில் மணல் உறுத்துகிறதா? மூக்குக் கண்ணாடிக்கு மேல் ஒரு காகிள்ஸ்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சாயங்காலம் ஆனால் கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்துகிறது. மானிட்டர் சரியில்லையா?" என் பெரியப்பாவும் இதைத்தான் கேட்டார். கும்பகோணத்தில் இருக்கிறார், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். என் தாத்தா கைப்பட எழுதி வைத்த பதினான்கு நோட்டுகளை டைப் செய்து பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே கம்ப்யூட்டர் வாங்கினார். மூன்று நோட்டு முடிவதற்குள் எரிச்சல் தாங்க முடியவில்லை. "நீயே இதை எடுத்துக்கிட்டுப் போயிடுப்பா" என்று போனில் சொல்லிவிட்டார்.

அவர் சொன்ன ஒவ்வொரு அறிகுறியும் எனக்குப் பழக்கமானது. நான் சாஃப்ட்வேர் என்ஜினியர். அலுவலகத்தில் என் இருக்கைக்கு நேர் மேலே ஏசி காற்று வரும் துவாரம். எனக்குப் பவரும் அதிகம். மூக்குக் கண்ணாடி இல்லாமல் மானிட்டர் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. முதலில் கடைக்காரர் சொன்னதைக் கேட்டு 'ப்ளூ கட்' லென்ஸ் போட்டுப் பார்த்தேன். பணம் போனது, உறுத்தல் போகவில்லை. போகாது என்பது பிறகுதான் புரிந்தது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகள் பற்றிய பல சோதனைகளை ஒன்றாக அலசி 2023ல் வெளியான காக்ரேன் ஆய்வு, கம்ப்யூட்டரால் வரும் கண் அயர்ச்சியை அவை குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் முடிக்கிறது. சிஆர்டி மானிட்டர் காலத்தில் திரைக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தட்டை மாட்டி விற்றார்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

கண்ணில் என்ன நடக்கிறது?

நம் கண்ணின் மேல் எப்போதும் ஒரு நீர்ப்படலம் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான் அதன் தடிமன். அடியில் நீரைக் கண்ணோடு ஒட்ட வைக்கும் வழவழப்பான பொருள், நடுவில் நீர், எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. இந்த எண்ணெயைச் சுரப்பவை இமை ஓரங்களில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள். 17ம் நூற்றாண்டில் இவற்றை விவரித்த ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிச் மைபோம் பெயரால் அழைக்கப்படுகின்றன. பாலின் மேல் ஆடை படிந்தால் ஆவி போவது குறைகிறது அல்லவா, அந்த வேலையைத்தான் இந்த எண்ணெய் செய்கிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கொஞ்சம் எண்ணெய் பிதுங்கி வந்து படலம் புதிதாகப் பூசப்படுகிறது.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் நாம் இமைக்க மறந்துவிடுகிறோம். ஜப்பானியக் கண் மருத்துவர் கசுவோ சுபோடாவும் அவருடைய சகாவும் அலுவலக ஊழியர்களிடம் இதை எண்ணிப் பார்த்து 1993ல் வெளியிட்டார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை இமைத்தவர்கள், புத்தகம் படிக்கும்போது 10 முறையும், திரையைப் பார்க்கும்போது 7 முறையும் மட்டுமே இமைத்தார்கள்.

இதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 22 என்றால் இரண்டு இமைப்புகளுக்கு நடுவே மூன்று விநாடிக்கும் குறைவு. 7 என்றால் எட்டரை விநாடி. உங்கள் நீர்ப்படலம் ஐந்து விநாடியில் உடைந்துவிடும் வகை என்று வைத்துக்கொள்வோம். சும்மா இருக்கும்போது உங்களுக்கு ஒன்றும் தெரியாது. படலம் உடைவதற்குள் இமை மூடிவிடும். கம்ப்யூட்டர் முன்னாலோ ஒவ்வொரு முறையும் மூன்று விநாடிக்கு மேல் கண்ணின் சில இடங்கள் காய்ந்து கிடக்கும். அதுதான் அந்த மணல்.

"எனக்குத் தண்ணீர் தாரை தாரையாக வருகிறதே, இது எப்படி வறட்சி ஆகும்?" என்று பெரியப்பா கேட்டார். நியாயமான சந்தேகம்தான். காய்ந்து உறுத்தும்போது கண் அவசரமாகத் தண்ணீரைக் கொட்டுகிறது. அது கன்னத்தில் வழிந்து போகுமே தவிர, நல்ல படலமாகத் தங்காது.

எனவே, இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அடிக்கடி இமைப்பது. இன்னொன்று, படலம் காயும் வேகத்தைக் குறைப்பது. காகிள்ஸ் இரண்டாவது வேலையைச் செய்கிறது.

காகிள்ஸ் என்றால் கூலிங்கிளாஸ் அல்ல

ஈர வேட்டியை ஃபேனுக்கு நேராகக் கட்டினால் சீக்கிரம் காய்கிறது. அதையே பெட்டிக்குள் போட்டு மூடினால் ஈரமாகவே இருக்கும். காற்றோட்டம் நின்றுவிடுகிறது, பெட்டிக்குள் இருக்கும் காற்று ஈரத்தால் நிறைந்து, மேற்கொண்டு ஈரத்தை வாங்க முடியாமல் போகிறது. கண்ணைச் சுற்றி அப்படி ஒரு சின்ன மூடிய அறையை உண்டாக்குவதுதான் காகிள்ஸின் வேலை. முக வாதம் வந்து ஒரு கண்ணை மூட முடியாமல் போனவர்களுக்கு மருத்துவர்கள் இப்படிப்பட்ட மூடுகண்ணாடி கொடுப்பது உண்டு. உலர்கண் பற்றிப் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து 2017ல் வெளியிட்ட டியூஸ் 2 என்ற அறிக்கையும் இதைச் சிகிச்சை வரிசையில் சேர்த்திருக்கிறது. ஆனால் இரண்டாம் படியில்தான். முதல் படி, சுற்றுச்சூழலைச் சரி செய்வது, இமையைச் சுத்தமாக வைப்பது, சொட்டு மருந்து ஆகியவை.

உலர்கண்ணுக்கு என்றே செய்த மூக்குக் கண்ணாடிகள் உண்டு. ஃபிரேமின் உட்புறம் மெத்தென்ற சிலிகான் விளிம்பு இருக்கும். உங்கள் பவரையும் அதிலேயே போட்டுக்கொள்ளலாம். ஜப்பானில் ஜின்ஸ் நிறுவனம் பக்கவாட்டில் குட்டித் தண்ணீர்த் தொட்டி வைத்த கண்ணாடியே விற்றது. நல்லவைதான். ஆனால் விலை அதிகம், நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதும் இல்லை. நமக்குக் காற்றடைப்பால் பலன் இருக்குமா என்று தெரியாமல் அவ்வளவு செலவு செய்வது வீண்.

அதனால் என் ஆலோசனை, முதலில் மலிவான ஒன்றில் சோதித்துப் பாருங்கள். கெமிஸ்ட்ரி லேபில் மாணவர்கள் போடுகிறார்களே, அந்தப் பாதுகாப்பு காகிள்ஸ். மூக்குக் கண்ணாடிக்கு மேலேயே போட்டுக்கொள்ளும் அகலத்தில் கிடைக்கிறது. சென்னையில் பாரிமுனைப் பக்கம், மற்ற ஊர்களில் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருட்கள் அல்லது லேப் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும்.

வாங்கும்போது ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. 'கண்ணாடிக்கு மேல் போடலாம்' என்று இரண்டு விதமானவை விற்கின்றன. ஒன்று, காதில் மாட்டும் பெரிய பிளாஸ்டிக் கண்ணாடி. தூசிக்கும் தெறிக்கும் துகளுக்கும் ஆனது; மேலும் கீழும் திறந்திருக்கும். நேராக வரும் காற்றைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, தலையைச் சுற்றி எலாஸ்டிக் பட்டையுடன் முகத்தோடு ஒட்டி உட்காரும் காகிள்ஸ். நமக்கு வேண்டியது இதுதான். இதிலும் காற்றுத் துளைகளைப் பாருங்கள். வெறும் ஓட்டைகளாக இருந்தால் வேண்டாம். துளைக்கு மேல் மூடி போல வைத்து, காற்று வளைந்து நுழையும்படி செய்தது நல்லது. துளையே இல்லாததும் கிடைக்கிறது, ஆனால் அதில் ஒரு தொல்லை இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

கடைக்கு உங்கள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே போங்கள். காகிள்ஸை மேலே மாட்டித் தலையை ஆட்டிப் பாருங்கள். மூக்குக் கண்ணாடியின் காதுக் கம்பிகள் வெளியே வர விளிம்பில் பள்ளம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் இடைவெளி விழுந்து காற்று நுழையும். காகிள்ஸ் உங்கள் கண்ணாடியைக் கீழே அழுத்தக் கூடாது. பைஃபோகல் போடுபவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கண்ணாடி சில மில்லிமீட்டர் இறங்கினாலும் படிக்கும் வட்டம் இடம் மாறி, கழுத்து வலி இலவச இணைப்பாக வரும்.

பனி மூட்டம்

ஏசி அறையில் போட்ட கொஞ்ச நேரத்தில் என் காகிள்ஸ் புகை படிந்தது போல ஆகிவிட்டது. உள்ளே வெதுவெதுப்பான ஈரக் காற்று, வெளியே குளிர்ந்த காற்று; குளிர்ந்த பிளாஸ்டிக்கின் உட்புறம் நீர்த்துளி கட்டுகிறது. ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்க்கும் அதே கதைதான். ஒரு வகையில் இது நல்ல செய்தி, அடைப்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் எழுத்து தெரிய வேண்டுமே! துளையைப் பெரிதாக்கினால் மூட்டம் போகும், கூடவே நாம் சேர்த்து வைத்த ஈரமும் போகும். மூடிய துளையுடன், உட்புறம் பனி படியாத பூச்சு உள்ள காகிள்ஸ்தான் நடுவழி. துளையே இல்லாததை நான் வாங்கி, வீட்டில் வெங்காயம் நறுக்கக் கொடுத்துவிட்டேன்.

இன்னொரு சங்கடம், பிரதிபலிப்பு. பூச்சில்லாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 5 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு பரப்புக்கும் சேர்த்து 10 சதவீதம். மானிட்டர் கொஞ்சம் மங்கலாகத் தெரிவதும், முதுகுக்குப் பின்னால் இருக்கும் டியூப்லைட் கண் முன்னால் மிதப்பதும் இதனால்தான். விளக்கு பின்னால் வராதபடி நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள்.

முதல் நாள் அரை மணி நேரம் போதும். வழக்கமாக எரிச்சல் தொடங்கும் வேளையில் போட்டுப் பாருங்கள், ஒரு வாரம் இப்படிச் செய்யுங்கள். உறுத்தல் தெளிவாகக் குறைந்தால், காற்றில் ஆவியாவது உங்கள் பிரச்னையில் பெரிய பங்கு என்று ஊகிக்கலாம். கொஞ்சமும் குறையவில்லையா? கண்ணாடிப் பவர் மாறியிருக்கலாம், வேறு கோளாறாகவும் இருக்கலாம். மேற்கொண்டு காகிள்ஸுக்குச் செலவு செய்யாதீர்கள். இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பாவிடம் நான் கொண்டு போனதை நீட்டியதும், "என்னடா, வெல்டிங் வேலைக்குக் கூப்பிடறியா?" என்றார். ஆனால் அதை மாட்டுவதற்கு முன் அவருடைய கம்ப்யூட்டர் மேஜையைப் பார்த்தேன். பாதித் தப்பு அங்கேயே இருந்தது. மானிட்டர் மேல் தட்டில், நெற்றிக்கும் மேலே. அண்ணாந்து பார்க்கும்போது கண் அகலமாகத் திறக்கிறது. திறந்த பரப்பு கூடக் கூட ஆவியாவதும் கூடும். புத்தகத்தைக் குனிந்து படிக்கும்போது இமை பாதி மூடியிருப்பது ஒரு காப்பு. மானிட்டரைக் கீழ்த் தட்டுக்கு இறக்கி, அதன் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி வைத்தேன். டேபிள் ஃபேன் முகத்தைப் பார்த்து இருந்தது, அதைக் காலைப் பார்க்கத் திருப்பினேன். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று ஆக்சஸிபிலிட்டி, அதில் டெக்ஸ்ட் சைஸ் என்ற இடத்தில் எழுத்தைப் பெரிதாக்கினேன். பிரவுசரில் கண்ட்ரோல் கீயுடன் பிளஸ் கீயை அழுத்தினாலும் எழுத்து பெரிதாகும். சின்ன எழுத்தை உற்று உற்றுப் பார்க்கும்போது இமைப்பு இன்னும் குறைகிறது. ஒவ்வொரு பத்தி டைப் செய்து முடித்ததும் இரண்டு முறை மெதுவாக, இமைகள் முழுதாகத் தொடும்படி மூடித் திறக்கச் சொன்னேன்.

நான் மருத்துவன் அல்ல. அதனால் அவரைக் கண் மருத்துவரிடமும் அழைத்துப் போனேன். இமைக்குள் ஒரு சின்னக் காகிதப் பட்டையை ஐந்து நிமிடம் வைத்து எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்த்தார்கள். இது ஷிர்மர் சோதனை. மஞ்சள் நிறச் சாயம் இட்டு, படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்றும் பார்த்தார்கள். எண்ணெய்ச் சுரப்பிகள் பல அடைத்திருந்தன. வெதுவெதுப்பான ஒத்தடமும், பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காத சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார். பிறகு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மூக்கு ஒழுகலுக்காக மாதக்கணக்கில் தினமும் இரவு ஒரு அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. இந்த வகை மாத்திரைகளில் பல கண்ணீரையும் குறைக்கக்கூடியவை. இதை எந்தக் காகிள்ஸும் கண்டுபிடித்திருக்காது.

கண் வலி, வெளிச்சத்தைப் பார்க்கவே கூசுவது, பார்வை மங்குவது, ஒரு கண் மட்டும் சிவப்பது, பீளை தள்ளுவது, இவற்றில் எது இருந்தாலும் சோதனை எல்லாம் வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். கண்ணோடு வாயும் எப்போதும் வறண்டிருந்தால், மூட்டு வலியும் சேர்ந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் ஷேக்ரன் நோய் இப்படித் தொடங்குவது உண்டு. சிவப்பைப் போக்கும் என்று கடையில் கொடுக்கும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். சிவப்பு மறையும், வறட்சி அப்படியே இருக்கும்.

பெரியப்பா இப்போது ஏழாவது நோட்டில் இருக்கிறார். காகிள்ஸை டைப் செய்யும் நேரத்துக்கு மட்டும் போடுகிறார், மற்ற நேரத்தில் அது மானிட்டர் மூலையில் தொங்குகிறது. அப்படித் தொங்கவிடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் பிடிக்கும். அதனால் தினமும் சோப்புத் தண்ணீரில் விளிம்பைக் கழுவி, நிழலில் உலர்த்தி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். உட்புறத்தைத் தேய்த்தால் பனி படியாத பூச்சு போய்விடும். தின்னர், அசிட்டோன் எதுவும் படக்கூடாது, பிளாஸ்டிக் வெளிறிவிடும். ஒருவர் போட்டதை இன்னொருவர் போட வேண்டாம்.