ஆலங்கட்டிக்குப் பின்னே ஒரு வாணிகம்

நம் நாட்டில் கூரை ஒழுகினால், வீட்டுக்காரர் ஓடு மாற்றுகிறவரையோ கொத்தனாரையோ தேடிச் செல்கிறார். கூலி பேசுகிறார், பேரம் செய்கிறார், வேலை முடிந்ததும் தம் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். அமெரிக்க நாட்டின் பல மாநிலங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே கூரை வேய்வோரே வீட்டுக்காரரைத் தேடி வருகின்றனர். கூரைக்குச் சேதம் உண்டு என்பதையும் அவர்களே எடுத்துச் சொல்கின்றனர். பணத்தையோ பெரும்பாலும் மூன்றாமவர் ஒருவர் தருகிறார். அம்மூன்றாமவர் இன்ஷூரன்ஸ் கம்பெனி.

ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கூரை மாற்றித் தரும் பெரிய நிறுவனங்கள் அங்கே வளர்ந்திருக்கின்றன. அவற்றின் தொழில்முறையை நாம் அறிவதால் பயன் யாது? பயன் இரண்டு உண்டு. டல்லஸ் நகரைச் சுற்றியுள்ள புறநகர்களில் தமிழ்க் குடும்பங்கள் பல வீடு வாங்கிக் குடியேறியுள்ளன. நம்முள் சிலருடைய அண்ணன்மாரும் அக்காமாரும் அங்கே உள்ளனர். நாளை நாமும் செல்லக்கூடும். இது ஒன்று. பொருளைப் பெறுபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர் என்னும் நிலை ஏற்பட்டால் சந்தை எவ்வாறு திரிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. இது மற்றொன்று.

கூரையின் இயல்பு

அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானவற்றின் கூரை 'ஷிங்கிள்' எனப்படும் மெல்லிய தகடுகளால் ஆனது. கண்ணாடி நாரால் செய்த பாயில் தாரை ஊட்டி, அதன்மேல் கல்துகளைப் பதித்து இத்தகட்டைச் செய்கின்றனர். விலை குறைவு, வேயும் வேலையும் எளிது. ஆயினும் ஓட்டைப்போல் இது தலைமுறைகள் தாங்காது. 20 ஆண்டுகளோ அதற்குச் சற்றுக் கூடவோ உழைக்கும். வெயிலில் தார் காய்ந்து, துகள் உதிர்ந்து, தகடு நலிந்துவிடும். பெரிய ஆலங்கட்டி விழுந்தால் அடிபட்ட இடத்தில் துகள் பெயர்ந்து, உள்ளிருக்கும் பாய் கன்றிப்போகும். அன்றைக்கே ஒழுகாது, ஆனால் ஆயுள் குறையும்.

சேதம் உண்மையாகவே இருக்கும். ஆனால் தரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. இந்த வாணிகம் முழுவதற்கும் அடித்தளம் இதுவே. ஏணி வைத்து ஏறியவர் சொல்வதை வீட்டுக்காரர் நம்பவேண்டும்.

டெக்ஸஸ் முதல் கொலராடோ வரையுள்ள சமவெளியில் இளவேனிற் காலத்தில் ஆலங்கட்டி மழை மிகுதி. 2016 ஏப்ரலில் சான் அன்டோனியோ நகரில் பெய்த ஒரே மழையால் ஏறத்தாழ 140 கோடி டாலர் அளவுக்கு இன்ஷூரன்ஸ் நட்டம் ஏற்பட்டது. 2017 மே மாதம் டென்வர் நகரில் பெய்த மழைக்கு 230 கோடி டாலர். ஒரே பிற்பகலில் பல்லாயிரம் கூரைகள் பழுதாகின்றன. உள்ளூர்த் தொழிலாளரால் அத்தனையையும் சில மாதங்களில் மாற்ற இயலாது. பெரிய நிறுவனங்களுக்கு இடம் கிடைப்பது இங்கேதான்.

வாசலுக்கு வரும் விற்பனையாளர்

ராடார் கொண்டு ஆலங்கட்டி எந்தத் தெருவில் எவ்வளவு பெரிதாக விழுந்தது என்று காட்டும் வரைபடங்களை விற்போர் இருக்கின்றனர். மறுநாளே விற்பனையாளர்கள் அத்தெருக்களில் கதவைத் தட்டுகின்றனர். ஒரே காலத்தில் கட்டப்பட்ட குடியிருப்பானால் எல்லாக் கூரைகளுக்கும் ஒரே வயது. ஒரு வீட்டில் வேலை கிடைத்தால் அதன் முன்னே நிறுவனத்தின் பெயர்ப்பலகை நடப்படும். அதைக் காட்டி அடுத்த பத்து வீடுகளில் பேசலாம். "இலவசமாகப் பார்த்துச் சொல்கிறோம்" என்பதே முதற் பேச்சு.

இவ்விற்பனையாளரில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் இல்லை; கமிஷன் மட்டுமே. பரவலாக வழங்கும் ஒரு முறையைப் பார்ப்போம். மொத்தத் தொகையில் 10 சதவிகிதத்தை நிறுவனம் தன் செலவுக்கென முதலில் எடுத்துக்கொள்ளும். பொருட்செலவும் கூலியும் போக மிஞ்சுவதை நிறுவனமும் விற்பனையாளரும் சரிபாதியாகப் பங்கிடுவர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்ட கணக்கே. கூரை மாற்ற 18,000 டாலர் என்று கொள்வோம். வீடு 3,00,000 டாலருக்கு இன்ஷூர் செய்யப்பட்டுள்ளது. அதில் 1 சதவிகிதம், அதாவது 3,000 டாலர், வீட்டுக்காரரின் சொந்தப் பங்கு. இதனை அங்கே 'டிடக்டிபிள்' என்பர். கூரை தன் வாழ்நாளில் பாதியைக் கழித்துவிட்டதால் தேய்மானம் 9,000 டாலர். இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் தரும் காசோலை, இவ்விரண்டும் போக 6,000 டாலர். வேலை முடிந்ததற்குச் சான்று காட்டினால், நிறுத்தி வைத்த 9,000 டாலரும் வரும். இது முழு மாற்றுச் செலவையும் ஏற்கும் பாலிசியின் வழி. தேய்மானத்தைத் திருப்பித் தராத பாலிசிகளும் உண்டு. அவற்றில் வீட்டுக்காரர் பாடு திண்டாட்டமே.

இனி நிறுவனத்தின் பக்கம் பார்ப்போம். பொருளுக்கும் கூலிக்கும் 11,000 டாலர். நிறுவனத்தின் 10 சதவிகிதம் 1,800 டாலர். மிச்சம் 5,200 டாலர். விற்பனையாளருக்கு 2,600 டாலர் கிடைக்கும். செலவு கூடாமலே மொத்தத் தொகையை 1,000 டாலர் ஏற்றிவிட்டால் அவருக்கு மேலும் 450 டாலர். செலவில் 1,000 டாலர் குறைத்தாலோ மேலும் 500 டாலர். பில்லை ஏற்றினாலும் அவருக்கு ஆதாயம். வேலையைச் சுருக்கினாலும் ஆதாயம். கூரை 20 ஆண்டு நிற்குமா என்பது மட்டும் இக்கணக்கில் எங்கும் வரவில்லை. மனிதர் கெட்டவராய் இருக்கவேண்டுவதில்லை. ஏற்பாடே அவரை அவ்வழியில் தள்ளுகிறது.

"உங்களுக்குச் செலவே இல்லை"

வீட்டுக்காரரின் காதுக்கு இனிய சொல் ஒன்று உண்டு. "உங்கள் சொந்தப் பங்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பதே அது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது நம் பழமொழி. ஆனால் மேலே கண்ட கணக்கில் 3,000 டாலரை விட்டுக்கொடுத்தால் மிச்சம் 2,200 டாலராகச் சுருங்கும். அந்த இழப்பை எங்கேயாவது ஈடுகட்டியாக வேண்டும். பழைய தகட்டின் அடியிலுள்ள உளுத்த பலகையை மாற்றாமல் விடலாம். புகைபோக்கியைச் சுற்றியுள்ள தகரத்தைப் புதுப்பிக்காமல் தாரை அப்பலாம். இல்லையேல் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பொய்க்கணக்கு அனுப்பலாம். முதல் இரண்டும் வீட்டுக்காரரை ஏமாற்றுதல். மூன்றாவதில் அவரும் உடந்தை.

டெக்ஸஸ் மாநிலம் 2019-ஆம் ஆண்டு இதனைத் தெளிவாகக் குற்றமாக்கியது. சொந்தப் பங்கைச் செலுத்தியதற்குச் சான்று கேட்டுப் பெற்ற பிறகே தேய்மானத் தொகையைத் தர இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு உரிமை உண்டு. அதே மாநிலத்தில், ஒரு வீட்டின் கூரை வேலையை எடுப்பவர் அவ்வீட்டுக்காரர் சார்பில் இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு பேரம் பேசக்கூடாது என்ற தடையும் உண்டு. ஒரு நிறுவனம் அதனை எதிர்த்து வழக்காடியது. 2024-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதன் வாதத்தை ஏற்கவில்லை. ஆயினும் டெக்ஸஸில் கூரை வேய மாநில லைசென்ஸ் எதுவும் வேண்டுவதில்லை என்பது வியப்புக்குரியது.

பிளாரிடாவின் அனுபவம் இன்னும் பெரியது. வீட்டுக்காரர் தம் இன்ஷூரன்ஸ் உரிமையையே கூரை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கும் முறை அங்கே வழங்கியது. நிறுவனமே வழக்குத் தொடரும்; வென்றால் வக்கீல் செலவையும் இன்ஷூரன்ஸ் கம்பெனி தரவேண்டும். 2019-இல் நாட்டின் வீட்டு இன்ஷூரன்ஸ் கோரிக்கைகளில் ஏறத்தாழ 8 சதவிகிதமே பிளாரிடாவில் எழுந்தன. வழக்குகளிலோ 76 சதவிகிதம் அங்கே நடந்தன. இவ்வழக்குகளில் கூரையின் பங்கு பெரிது. கம்பெனிகள் பல திவாலாயின, பிரிமியம் ஏறியது. 2022 டிசம்பரில் இயற்றிய சட்டத்தால், 2023 முதல் வழங்கும் பாலிசிகளில் அவ்வாறு உரிமை மாற்றுவது நிறுத்தப்பட்டது. ஒருவருக்கு இலவசமாகக் கிடைத்த கூரைக்கு ஊரார் அனைவரும் தவணை கட்டினர் என்பதே இதன் பொருள்.

கூரைமேல் நிற்பவர்

இந்நிறுவனங்கள் பலவற்றில் விற்பனையாளர் உண்டு, அலுவலகம் உண்டு; கூரை வேயும் தொழிலாளர் மட்டும் சொந்த ஆட்கள் அல்லர். வேலை உட்குத்தகைக்கு விடப்படுகிறது. கூலி, 'ஸ்கொயர்' என்ற அளவில். ஒரு ஸ்கொயர் என்பது 100 சதுர அடி. எட்டுப் பத்துப் பேர் காலையில் ஏறிப் பழைய தகட்டைப் பெயர்த்து, மாலைக்குள் புதியதை அடித்துவிடுகின்றனர். இவர்களிற் பெரும்பகுதியினர் மெக்சிகோவிலிருந்தும் நடு அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். சதுரக் கணக்கில் கூலி என்றால் விரைவே வருமானம். பாதுகாப்புக் கயிற்றைக் கட்டி அவிழ்ப்பது நேர நட்டம். ஆறடிக்கு மேல் வேலை செய்தால் விழாமற் காக்கும் ஏற்பாடு வேண்டும் என்று மத்திய அரசின் விதி உண்டு. இருந்தும் 2023-ஆம் ஆண்டுக் கணக்கில், கூரைத் தொழிலாளரில் லட்சத்துக்கு ஏறக்குறைய 52 பேர் வேலையில் உயிரிழந்தனர். மரம் வெட்டுவோர், மீன்பிடிப்போர் ஆகியோருக்கு அடுத்தபடியாக மிகுந்த ஆபத்துடைய தொழில் இதுவே. விற்பனையாளருக்குச் செலவில் மிஞ்சும் டாலர் சில வேளைகளில் இந்தக் கயிற்றிலிருந்துதான் மிஞ்சுகிறது.

இரு பக்கமும் பார்க்கவேண்டும்

எல்லா நிறுவனங்களையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையன்று. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மதிப்பீட்டாளர் உண்மையான சேதத்தைக் குறைத்து எழுதுவதும் உண்டு. விடுபட்ட பொருள்களைக் கணக்கோடு எடுத்துக்காட்டி உரிய தொகையை எழுதச் செய்யும் நல்ல நிறுவனங்களும் உண்டு. புயலுக்குப் பின் வேகமாக வேலை முடிப்பதும் ஒரு தொண்டே. ஆனால் வேறு மாநிலத்திலிருந்து வந்து, வேலை முடிந்ததும் கடையைக் கட்டிக்கொண்டு போகும் நிறுவனத்தின் பத்தாண்டு உத்தரவாதம் வெறுங் காகிதம். ஒழுகும்போது அழைத்தால் எடுக்க ஆள் இராது. அதே தெருவில் முப்பதாண்டு தொழில் செய்த உள்ளூர்க்காரரோ விளம்பரத்தில் அவர்களோடு போட்டியிட முடியாமல் ஒதுங்கிவிடுகிறார்.

ஆகவே, அங்கே உள்ள உறவினர் கேட்டால் நாம் சொல்லத்தக்கவை சில. ஏணியோடு வந்தவர் "பார்ப்பதற்கு அனுமதி" என்று நீட்டும் தாள், பல வேளைகளில் "இன்ஷூரன்ஸ் ஒப்புக்கொண்டால் வேலை எங்களுக்கே" என்ற ஒப்பந்தமாக இருக்கும், படிக்காமல் கையெழுத்திடலாகாது. வீட்டு வாசலில் செய்த ஒப்பந்தத்தை, சில விலக்குகள் நீங்கலாக, மூன்று வேலை நாட்களுக்குள் ரத்துச் செய்ய மத்திய அரசு விதி இடந்தருகிறது. முழுப் பணத்தையும் முன்னதாகத் தரலாகாது. நிறுவனம் தகடு விற்றவருக்குப் பணம் தராமற் போனால், அவர் வீட்டின்மீதே உரிமை கோரக்கூடும். ஆதலின் கடைசித் தவணைக்கு முன், பொருள் விற்றவரும் தொழிலாளரும் பாக்கி இல்லை என்று எழுதித் தந்த தாளைக் கேட்டுப் பெறவேண்டும்.

பொருளாதாரம் பயிலும் நண்பர்கள் இன்னும் ஒன்றைச் சிந்திக்கலாம். மருத்துவ இன்ஷூரன்ஸ் நம் நாட்டிலும் பரவி வருகிறது. நோயாளிக்குத் தெரியாத சேதம், சொல்பவரே செய்பவர், பணம் மூன்றாமவருடையது என்ற மூன்றும் மருத்துவமனையிலும் உண்டு. தம் கையிலிருந்து போகவில்லை என்பதற்காக விலையைக் கேளாதிருப்பவர், அடுத்த ஆண்டின் பிரிமியத்தில் அதனைக் காண்பார். கேட்டால் மரியாதைக் குறைவு என்று எண்ணவேண்டுவதில்லை. கணக்குக் கேட்பது பணம் கொடுப்பவரின் கடமை மட்டுமன்று. பொருளைப் பெறுபவரின் கடமையுமாகும்.