ஒரே பாட்டு, இரண்டு கிட்டார்

ஒலித்தடம் – 14

1970 மார்ச் 6ஆம் தேதி இங்கிலாந்தில் ஓர் ஏழு அங்குலச் சிங்கிள் இசைத்தட்டு வெளியானது: பீட்டில்ஸின் ‘லெட் இட் பி’. இரண்டு மாதம் கழித்து, மே 8ஆம் தேதி, அதே பெயரில் ஆல்பம் வந்தது. அதிலும் இந்தப் பாட்டு இருந்தது. பியானோ அதே பியானோ, பால் மெக்கார்ட்னியின் குரல் அதே குரல். ஆனால் நடுவில் கிட்டார் தனித்து எழும் இடத்தில், சிங்கிளைத் தேயத்தேயக் கேட்டவர்கள் காத்திருந்த வாசிப்பு வரவில்லை. வேறொன்று வந்தது.

சென்ற வாரம் பல தட டேப்பைப் பற்றிப் பார்த்தோம். டேப்பில் தனித்தனியாகக் கிடக்கும் குரலையும் வாத்தியங்களையும் எதை எவ்வளவு, எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவு கட்டுவதுதான் மிக்ஸ். அந்த முடிவை ஒரே பாட்டுக்கு இரண்டு தரம் எடுத்தால், அதுவும் வேறு வேறு ஆட்கள் எடுத்தால், என்ன ஆகும் என்பதற்கு ‘லெட் இட் பி’யைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அடிப்படைப் பதிவு நடந்தது 1969 ஜனவரி 31 அன்று, லண்டன் சாவில் ரோவில் இருந்த பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவன அலுவலகத்தின் அடித்தளத்தில். அதே கட்டடத்து மொட்டை மாடியில் அவர்கள் கடைசியாக ஊர் கேட்க வாசித்ததற்கு மறுநாள். இருபத்தேழாவது டேக் தேறியது. ஏப்ரல் 30 அன்று ஜார்ஜ் ஹாரிசன் அதன்மேல் ஒரு கிட்டார் வாசிப்பைச் சேர்த்தார். ஆர்கனுக்கென்று செய்யப்பட்ட, உள்ளே சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக அந்தக் கிட்டாரை அனுப்பியதால் நாதம் லேசாக அலையடிக்கும். பிறகு 1970 ஜனவரி 4. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் எழுதிய ஊதுவாத்தியங்களும் செலோக்களும் சேர்ந்தன; பின்னணிக் குரல்கள் சேர்ந்தன; ஹாரிசன் இன்னொரு முறை வாசித்தார். இந்த முறை கரகரப்பான, முறுக்கேறிய வாசிப்பு. இரண்டு வாசிப்பும் டேப்பில் இருந்தன.

சிங்கிளுக்கு எடுத்துக்கொண்டது ஏப்ரல் வாசிப்பை. அதில் ஊதுவாத்தியங்கள் அடங்கியே ஒலிக்கின்றன. மார்ச் மாதக் கடைசியில் ஆல்பத்துக்கான டேப்புகள் அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் கைக்குப் போயின. அவர் ஜனவரி வாசிப்பைத் தேர்ந்தெடுத்தார். ஊதுவாத்தியங்களை உயர்த்தினார், ரிங்கோ ஸ்டாரின் ஹை-ஹாட் தாளத்துக்கு எதிரொலி கொடுத்தார், முடிவில் பல்லவியை இன்னொரு சுற்று நீட்டினார். ஆல்பப் பாட்டு பத்து விநாடி போலக் கூடுதல்.

ஸ்பெக்டரைத் திட்டித் தீர்ப்பது பீட்டில்ஸ் ரசிகர்களிடையே ஒரு வழக்கம். நான் அதில் சேர மாட்டேன். ஆனாலும் என் மனம் சிங்கிளின் பக்கம்தான். தாயிடம் ஆறுதல் கேட்கும் அந்தப் பாட்டில் ஏப்ரல் கிட்டார் பாடுபவனோடு கூடவே நிற்கிறது. ஜனவரி கிட்டார் அவனைத் தாண்டிக்கொண்டு முன்னே வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வாசித்த கை ஒன்றுதான். கேட்பவருக்கு நேர்வது வேறு வேறு.

சிங்கிளுக்குத் தனி மிக்ஸ் என்பது அந்தக் காலத்தில் சர்வசாதாரணம். சிங்கிள் போய்ச் சேர வேண்டிய இடம் மத்திய அலை வானொலி, கையடக்க டிரான்சிஸ்டர், ஒற்றை ஸ்பீக்கர் ரெக்கார்டு பிளேயர். அங்கே குரல் முன்னால் நிற்க வேண்டும், தாளம் பளிச்சென்று கேட்க வேண்டும். இன்னொரு காரணம் இசைத்தட்டின் உடலிலேயே இருக்கிறது. ஒலி கூடினால், அதிலும் பேஸ் கூடினால், தட்டில் வெட்டப்படும் தடம் அகலமாக வளையும். அகன்ற தடத்துக்கு இடம் அதிகம் வேண்டும். வளைவு எல்லை மீறினால் மலிவான பிளேயரில் ஊசி தாவிவிடும். எல்.பி.யில் ஒரு பக்கத்தில் இருபது நிமிடப் பாட்டை அடைக்க வேண்டியிருப்பதால் சத்தத்தைக் குறைத்தே வெட்டுவார்கள். மூன்று நிமிடச் சிங்கிளுக்கு அந்த நெருக்கடி இல்லை, உரக்க வெட்டலாம். அப்போதும் பீட்டில்ஸின் இசைத்தட்டு நிறுவனமான இ.எம்.ஐ.யின் பொறியாளர்கள் பேஸுக்குப் பயந்தார்கள். 1966இல் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பதிவானபோது பொறியாளர் ஜெஃப் எமரிக் ஒரு ஸ்பீக்கரையே மைக்காகத் திருப்பி, பேஸ் ஆம்ப்ளிஃபையர் முன்னால் வைத்தார். தட்டு வெட்டும் அறையிலும் புதிய கருவி ஒன்று கைகொடுத்தது. அதுவரை எந்த பீட்டில்ஸ் சிங்கிளிலும் கேட்காத அளவுக்கு அதில் பேஸ் இறங்கி அதிர்கிறது.

அதே காலத்தில்தான் மோனோ, ஸ்டீரியோ என்று இன்னொரு கிளை. அன்றைய பிரிட்டிஷ் வீடுகளில் பெரும்பாலும் மோனோ பிளேயர்கள்தான். ஆகவே உழைப்பு முழுக்க மோனோவுக்குப் போனது. 1967இல் வந்த ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ ஆல்பத்தின் மோனோ மிக்ஸுக்குக் குழுவினர் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டீரியோ மிக்ஸை அவர்கள் இல்லாமல் மார்ட்டினும் எமரிக்கும் சில நாட்களில் முடித்தார்கள். அந்த அவசரம் காதுக்குத் தெரிகிறது. ‘ஷீ’ஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் வேகமாகவும் ஏறக்குறைய அரைக்கட்டை மேலேயும் போகிறது. ஸ்டீரியோவில் தொய்ந்துபோய்க் கிடக்கிறது. அடுத்த வருடம் வந்த ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ மோனோவில் முக்கால் நிமிடத்துக்கு மேல் சிறியது. மங்கி மறைந்த பாட்டு திரும்பி வருவதும், விரல்களில் கொப்புளம் என்று ரிங்கோ கடைசியில் கத்துவதும் ஸ்டீரியோவில் மட்டுமே உண்டு.

இதில் எனக்கு மிகப் பிடித்தது ‘ஐ ஆம் தி வால்ரஸ்’. 1967 செப்டம்பர் 29 அன்று மோனோ மிக்ஸ் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வானொலிப் பெட்டியை மிக்ஸிங் மேசையோடு இணைத்து டயலைத் திருப்பினார்கள். பி.பி.சி.யில் அந்த நேரம் ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகம், நான்காம் அங்கம், ஆறாம் காட்சி. நடிகர்களின் குரல் அப்படியே பாட்டின் கடைசிப் பகுதிக்குள் புகுந்துவிட்டது. தனித் தடத்தில் பதிவாகாமல் நேரே மோனோ மிக்ஸுக்குள் போனதால் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. நவம்பரில் ஸ்டீரியோ செய்ய உட்கார்ந்தபோது வேறு என்ன செய்ய முடியும்? முதல் பாதியை நிஜ ஸ்டீரியோவில் செய்து, வானொலி நுழையும் பகுதிக்கு மோனோவையே எடுத்து ஒட்டினார்கள். அதை ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் கீச்சென்றும் வடிகட்டிப் போலி ஸ்டீரியோ ஆக்கினார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் பாட்டின் பாதியில் அறையே மாறுவதுபோல் இருக்கும். தொடக்கத்துப் பியானோ அடிகூட மோனோவில் நான்கு, ஸ்டீரியோவில் ஆறு. அமெரிக்கச் சிங்கிளிலோ நடுவில் வேறெங்கும் இல்லாத சில தாள அளவுகள் கூடுதலாக உண்டு.

அமெரிக்கா என்றாலே தனிக் கதை. கேபிடல் நிறுவனம் லண்டனிலிருந்து வந்த சில மோனோ மிக்ஸ்களுக்குத் தானே எதிரொலி கூட்டி, இரண்டாகப் பிரித்து, ‘டுவோஃபோனிக்’ என்று பெயரிட்டு ஸ்டீரியோ ஆல்பங்களில் சேர்த்தது. ‘ஐ ஃபீல் ஃபைன்’ அப்படிக் குளித்து வந்த பாட்டு. இந்தியாவில் நேர்மாறு. கல்கத்தா டம்டம் ஆலையில் கிராமஃபோன் கம்பெனி பீட்டில்ஸை 78 சுற்றுத் தட்டிலும் அச்சடித்தது. மின்சாரம் எட்டாத வீடுகளில் சாவி கொடுத்துச் சுற்றும் பெட்டிகள் இன்னும் பாடிக்கொண்டிருந்தன. பிரிட்டனில் அந்த வகைத் தட்டு அதற்குள் வழக்கொழிந்துவிட்டது.

இத்தனை வடிவங்களில் சில தொலைந்தும் போயின. முதல் சிங்கிளான ‘லவ் மீ டூ’ 1962 அக்டோபர் 5 அன்று வந்தபோது அதில் டிரம்ஸ் ரிங்கோ. அந்தப் பதிவு நடந்து ஒரு வாரம் கழித்துப் பதிவான இன்னொரு வடிவத்தில் டிரம்ஸ் ஆண்டி ஒயிட் என்ற ஸ்டுடியோக் கலைஞர். ரிங்கோ கையில் டாம்பரின். 1963 மார்ச்சில் வந்த ஆல்பத்தில் சேர்ந்தது இந்த இரண்டாவது வடிவம். பிறகு சிங்கிளையும் இதைக்கொண்டே அச்சிட்டார்கள். டாம்பரின் கேட்டால் ஆல்பம், கேட்காவிட்டால் முதல் சிங்கிள். முதல் சிங்கிளின் மாஸ்டர் டேப் மிஞ்சவில்லை. பின்னாளில் அதை மறுபடி வெளியிட வேண்டியபோது பழைய இசைத்தட்டிலிருந்துதான் பிரதி எடுக்க வேண்டியிருந்தது. ‘ஷீ லவ்ஸ் யூ’வுக்கும் அதே கதி: பதிவு டேப் போய்விட்டது, மோனோ மாஸ்டர் மட்டுமே மிச்சம். 2023இல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின், குரலையும் வாத்தியங்களையும் பிரித்தறியப் பழக்கப்பட்ட கணினியைக்கொண்டு, அந்த மோனோவிலிருந்தே புது ஸ்டீரியோ ஒன்றை உருவாக்கினார். கலை நேர்த்தியை மெச்சுகிறேன். ஆனால் 1963இல் ஒரு தலைமுறையையே உலுக்கியது அந்த ஒற்றை ஸ்பீக்கர் முழக்கம். அது பின்னுக்குப் போய்விடக் கூடாது.

சிடி வந்தபோது, 1987இல், முதல் நான்கு ஆல்பங்கள் மோனோவிலேயே வந்தன. ‘ஹெல்ப்’, ‘ரப்பர் சோல்’ இரண்டையும் ஜார்ஜ் மார்ட்டின் ஸ்டீரியோவில் புதிதாக மிக்ஸ் செய்து கொடுத்தார். ஆல்பங்களில் சேராத சிங்கிள்களை 1988இல் ‘பாஸ்ட் மாஸ்டர்ஸ்’ என்று இரண்டு தொகுதிகளாகத் திரட்டினார்கள். ‘லெட் இட் பி’யின் ஏப்ரல் கிட்டார் அங்கேதான் இருக்கிறது. மோனோ ஆல்பங்கள் மொத்தமாகத் திரும்பி வர 2009 ஆனது. இன்று செயலியில் ‘ரப்பர் சோல்’ தட்டினால் ‘ரீமாஸ்டர்டு 2009’ என்று காட்டும். நம் காதில் விழுவது 1965இல் பதிவாகி, எண்பதுகளின் நடுவில் மிக்ஸ் செய்யப்பட்டு, 2009இல் மெருகேற்றிய ஸ்டீரியோ. நடுவில் உள்ள அந்த முக்கியமான தகவலுக்குத் திரையில் இடமில்லை. அந்த ஆல்பத்தில் பல பாட்டுகளில் குரல் ஒரு பக்கம், வாத்தியம் மறுபக்கம். பேருந்தில் ஓர் இயர்ஃபோனை இருவர் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்குப் பாட்டு கிடைக்கும், இன்னொருவருக்கு டிரம்ஸும் பேஸும் மட்டும். பதிவு செய்தவர்கள் யாரும் அப்படிக் கேட்கச் சொல்லவில்லை.

பாட்டின் பெயருக்குக் கீழே மிக்ஸ் செய்தவர், ஆண்டு, மோனோவா ஸ்டீரியோவா என்று ஒரு வரி போடுவதில் எந்தச் சிரமமும் இல்லை. நிறுவனங்களிடம் அந்த விவரம் ஆவணமாகவே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.

அடுத்த வாரம் டோர்ஸ் குழுவின் ‘லைட் மை ஃபயர்’: ஆல்பத்தில் ஏழு நிமிடம், சிங்கிளில் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. ஆல்ப வடிவம் நாற்பது ஆண்டு காலம் சுருதி இறங்கியே ஓடிக்கொண்டிருந்த கதையும் உண்டு.

(தொடரும்)