கடற்பாசி வியாபாரமும் வெறுமையாகும் பாறைகளும்

நோன்பு காலம் நெருங்கும்போது நமது பலசரக்குக் கடைகளில் கடற்பாசிப் பக்கற்றுகள் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. மிருகங்களின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படும் ஜெலற்றினைப் போலன்றி, இதில் ஹலால் பற்றிய சந்தேகம் எழுவதில்லை. ஆனால், இந்தப் பாசி எங்கே விளைகிறது, அதனைப் பறிப்பதால் கடலுக்கு என்ன நேர்கிறது என்பதையும் விற்பவர்கள் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் அது நமது கொள்முதல் விலையோடும் தொடர்புடைய விடயமாகும்.

அகார் அகார் எனப்படும் இப்பொருள் பெரும்பாலும் இரண்டு வகைச் சிவப்புப் பாசிகளிலிருந்து கிடைக்கிறது. ஒன்று கிரசிலேரியா. ஆங்கிலேயர் காலத்தில் 'சிலோன் மொஸ்' என்று பெயர்பெற்ற நமது புத்தளம் களப்புப் பாசியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இதனைப் பண்ணைகளில் வளர்க்கலாம். உணவுக்கான அகார் பெரும்பாலும் இதிலிருந்தே தயாராகிறது. மற்றையது ஜெலிடியம். அலை மோதும் பாறைகளில் மெதுவாக வளரும் இதனைப் பண்ணையில் வளர்த்து இலாபம் காண்பது கடினம். மருத்துவ ஆய்வுகூடங்களில் கிருமிகளை வளர்த்துப் பரிசோதிக்க உதவும் உயர்தர அகார் இதிலிருந்தே பெறப்படுகிறது.

ஜெலிடியம் வியாபாரத்தின் தலைவாசல் மொரோக்கோ. அந்நாட்டின் அட்லாந்திக் கரையிலுள்ள எல் ஜதீதா பகுதியில் சுழியோடிகள் கடலில் மூழ்கி இதனைப் பறிக்கின்றனர். 2000களில் ஆண்டுக்கு 14,000 தொன் வரை எடுக்கப்பட்டது. பாசி குறைந்து வருவதைக் கண்ட அரசாங்கம் பின்னர் அதனை 6,000 தொன்னாக மட்டுப்படுத்தியது. அதிலும் 1,200 தொன் மட்டுமே வெளிநாடுகளுக்கு அனுப்ப அனுமதிக்கப்பட்டது. விளைவாக, 2015இல் அகாரின் மொத்த விலை ஏறத்தாழ மூன்று மடங்காகி, கிலோ 35 முதல் 45 அமெரிக்க டொலரைத் தொட்டது.

பறித்தால் மீண்டும் வளராதா என்று கேட்கலாம். எப்படிப் பறிக்கிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது. பாசிக்கு மண்ணில் இறங்கும் வேர் கிடையாது. அதன் அடிப்பகுதி பாறையை இறுகப் பற்றியிருக்கும். அதனை விட்டுவிட்டு மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். அடியோடு பிடுங்கினால் பாறை வெறுமையாகும். அந்த இடத்தை வேறு பாசிகளோ சிப்பிகளோ பிடித்துக்கொள்ளும். பழைய பாசி திரும்புவதற்கு ஆண்டுகள் செல்லலாம், சில வேளை திரும்பாமலும் போகலாம்.

நட்டம் பாசியோடு முடிவதில்லை. நண்டு, நத்தை, இறால், மீன்குஞ்சு எல்லாம் அதனுள் ஒளிந்தே வளர்கின்றன. வற்றுக் காலத்தில் நீருக்கு வெளியே தெரியும் பாறைகளில், ஈரமான பாசிப் போர்வைதான் சிற்றுயிர்களை வெயிலிலிருந்து காக்கிறது. அது போனால் அவையும் போகும். கரையொதுங்கும் பாசியும் குப்பையல்ல. அதில் வாழும் பூச்சிகளை நம்பிக் கடற்பறவைகள் இரை தேடுகின்றன. கடைசியில் மீனவரின் வலையும் இலேசாகும்.

அளவோடு எடுக்க வழி இல்லாமலில்லை. கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில், பசளைக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் பயன்படும் ஒருவகைப் பழுப்புப் பாசி பாறைகளில் வெட்டப்படுகிறது. 1995இல் அங்கு இத்தொழில் தொடங்கியபோதே விதிகளும் வந்தன. இருப்பதில் ஆண்டுக்கு 17 வீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. அடியிலிருந்து 5 அங்குலத்தை விட்டே வெட்ட வேண்டும்.

வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பாறையில் பற்றியிருக்கும் அடி முதல், மேலே வளர்வது இலாபம். இலாபத்தை எடுத்துச் செலவழிப்பவரின் கடை நிலைக்கும், முதலில் கைவைப்பவரின் கடை மூடப்படும். மொரோக்கோவில் முதலில் கைவைக்கப்பட்டது, விலையை உலகமே கொடுத்தது.

ஆகவே, கடற்பாசி கொள்முதல் செய்வோர் அது பண்ணையில் வளர்ந்ததா, பாறையில் பறித்ததா என்று மொத்த வியாபாரியிடம் கேட்டு வைப்பது நல்லது. அசாதாரணமாக மலிந்த சரக்கென்றால் இன்னும் ஒருமுறை கேட்கலாம். அல்லாஹ் நமக்குத் தந்த கடலும் ஓர் அமானிதமே. அதில் நமக்குப் பின் வருவோருக்கும் பங்குண்டு.