மூவரில் யார் மூத்தவர்?

1980-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி. அமெரிக்காவில் ஊர் ஊராக இருந்த பெரிய கம்ப்யூட்டர்களை இணைத்த ‘ஆர்ப்பாநெட்’ திடீரென்று படுத்துவிட்டது. இன்றைய இன்டர்நெட்டுக்குத் தாய் அதுதான். பல மணி நேரம் சேதிப் போக்குவரத்து முடங்கிக் கிடந்தது.

தபாலாபீஸ் யந்திரம்

ஒவ்வொரு பெரிய கம்ப்யூட்டருக்கும் பக்கத்தில் ‘இம்ப்’ என்ற சிறிய கம்ப்யூட்டர் உண்டு. அது தபாலாபீஸ் மாதிரி. சேதியை வாங்கி, எந்த வழி சுருக்கம் என்று பார்த்து, அடுத்த இம்புக்குத் தள்ளும். வழிகளின் நிலவரத்தை இம்புகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். நிலவரச் சேதி வந்தால் மற்ற வேலையெல்லாம் காத்திருக்க வேண்டும். அதற்குத்தான் முதல் மரியாதை!

அன்று இம்புகள் தூங்கவில்லை. மூச்சு விடாமல் உழைத்தன. ஆனால் சேதி நகரவில்லை. அப்படி என்னதான் செய்தன?

குட்டு வெளிப்பட்டது

கேம்பிரிட்ஜ் நகரத்து எஞ்சினியர்கள் ஓர் இம்பின் நினைவுப் பகுதியைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே 50-ஆம் நம்பர் இம்பின் நிலவரச் சேதிகள் குவிந்து கிடந்தன! அவற்றில் இருந்த வரிசை எண்கள் மூன்றே மூன்று: 8, 40, 44.

வரிசை எண் கடிகார முள்போல் சுற்றும். 63-க்குப் பிறகு மறுபடி 0. ஆகவே, 32 அடிக்குள் முன்னால் இருப்பதே புதிய சேதி என்று விதி. 8-லிருந்து 40-க்கு 32 அடி; 40 புதிது. 40-லிருந்து 44-க்கு 4 அடி, 44 புதிது. 44-லிருந்து சுற்றிக்கொண்டு 8-க்கு 28 அடி, 8 புதிது!

மூன்றும் ஒன்றையொன்று துரத்தின. ஒவ்வொரு தடவையும் “புதிய சேதி” என்று நம்பி, பாவம், இம்புகள் அதை அண்டை அயலுக்கெல்லாம் அனுப்பின. ஒரு யந்திரத்தை நிறுத்தி ஓட்டினாலும் பலனில்லை. பக்கத்து யந்திரம் அதே சேதியைத் திரும்பப் புகட்டிவிடும்.

மூன்று எண்கள் எப்படிப் பிறந்தன? கம்ப்யூட்டர் 44-ஐ 101100 என்று எழுதும். பழுதான நினைவில் ஒரு 1 உதிர்ந்தால் 101000, அது 40. இன்னொரு 1 உதிர்ந்தால் 001000, அது 8.

எஞ்சினியர்கள் கட்டளை ஒன்று எழுதி இம்புகளில் ஏற்றினார்கள்: “50-ஆம் நம்பரின் நிலவரத்தைக் கண்டுகொள்ளாதே.” சேதிகள் நகரத் தொடங்கின.