தவணை முடிவிற் கார் யாருடையது?

குத்தகை என்னுஞ் சொல் நமக்குப் புதியதன்று. வயற் குத்தகை, தோட்டக் குத்தகை எனப் பலவற்றை அறிவோம். ஒற்றி என்பது அதனின் வேறு. அங்கே பணங் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாகக் காணியின் பயனைத் துய்ப்பார். இவ்விரண்டையும் மயங்கக் கூறுவார் யாழ்ப்பாணத்தில் இலர். ஆனால் மோட்டார்க் காரின் விடயத்தில், ஒரு சொல்லே இரு நாடுகளில் இருவேறு பொருள் தந்து மயக்குகின்றது.

நம் நாட்டு 'லீசிங்' முறையை நோக்குக. கம்பனி பணங் கொடுக்கின்றது. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று தன் பெயரைப் பொறித்து வைக்கின்றது. இறுதித் தவணை செலுத்தியதும் அப்பெயர் நீங்குகின்றது. 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம் இதனை நிதிக் குத்தகை என்று வழங்கினும், பெயர்தான் குத்தகை, பொருள் கடன். ஆதலின், "தவணை முடிந்தபின் காரை வாங்கலாமா, விடலாமா?" என்று ஒருவர் கேட்டால் நம்மவர் நகைப்பர்.

அமெரிக்காவில் அது நகைப்பிற்குரிய கேள்வியன்று. நியூ ஜேர்சியில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் அதனையே எழுதிக் கேட்டிருந்தார். இலக்கணம் கற்பித்தவரிடங் காரின் விலை கேட்பது முறையோ என்று ஐயமும் தெரிவித்திருந்தார். முறையே. சொல்லின் பொருள் தெளிந்தாற் கணக்குந் தெளியும்.

30,000 டொலர் விலையுள்ள காரை அவர் 36 மாதங்களுக்கு எடுத்தார். மூன்றாண்டின் பின் அதன் பெறுமதி 18,000 டொலர் என்று முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. இடைப்பட்ட 12,000 டொலரையும், அதன்மேற் கம்பனியின் ஊதியத்தையுமே மாதந்தோறும் செலுத்தி வந்தார். அவர் செலுத்தியது காரின் விலையன்று, அதன் தேய்வு. மிஞ்சிய 18,000 டொலரை எச்சப் பெறுமதி என்பர். பெயரெச்சமும் வினையெச்சமும் முடிக்குஞ் சொல்லை வேண்டி நிற்பன அல்லவா? இவ்வெச்சமும் அவ்வாறே. முடிப்பவர் வாங்குவார்; முடியாதவர் திறப்பைக் கொடுத்து விட்டு வீடு செல்வார். வாங்கும் உரிமை உண்டாயின் அதன் விலையை எழுத்தில் அறிவித்தல் வேண்டுமென அந்நாட்டு 1976 ஆம் ஆண்டு நுகர்வோர் குத்தகைச் சட்டம் விதிக்கின்றது.

மூன்றாண்டுக்கு முன் எழுதிய விலை ஓர் ஊகமே. ஊகம் தவறுவதுண்டு. 2021 இற் குறைகடத்திச் சில்லுகளின் தட்டுப்பாட்டாற் புதுக் கார்கள் அருகின. பழைய கார்களின் விலை ஏறிற்று. எழுதிய விலையோ அசையவில்லை. அக்காலத்தில் வாங்கியோர் பலர் ஆதாயம் பெற்றனர். (நம் நாட்டிலும் 2020 மார்ச்சு தொடங்கி 2025 வரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது பழைய கார்களின் விலை ஏறியதை யாம் கண்டோம்.) 2023 அளவில் மின்சாரக் கார்களுக்கு இதன் மறுதலை நேர்ந்தது. சந்தை விலை எழுதிய விலையின் கீழ் இறங்கவே, திருப்பிக் கொடுத்தவரே தப்பினர்.

என் மாணாக்கரின் காருக்கு இன்று சந்தையில் 17,500 டொலர்தான். வாங்கினால் 500 டொலர் நட்டம் என்று அவர் எண்ணினார். அவ்வளவில் நின்றுவிடலாகாது. ஒப்பந்தத்தில் எழுதிய எல்லைக்கு மேல் 4,000 மைல் அவர் ஓட்டியிருக்கிறார். மைலுக்கு 20 சதம் வீதம் 800 டொலர். திருப்பிக் கொடுக்குங் கட்டணம் 400 டொலர். காரைக் கொடுத்தால் இந்த 1,200 டொலரும் அவர் தலையில் விழும். வாங்கினால் இரண்டும் இல்லை. மாநில விற்பனை வரி நூற்றுக்கு 6.625 என்பது மெய்யே. ஆயினும் இதைக் கொடுத்துவிட்டு இதுபோன்ற வேறொன்றை 17,500 டொலருக்கு வாங்கினும் அவ்வரி உண்டு. அனைத்தையுங் கூட்டிக் கழித்தால் வாங்குவதே ஏறக்குறைய 667 டொலர் இலாபம். அவருக்குக் காரே வேண்டாவெனின் இக்கணக்குச் செல்லாது.

கணக்கிற் சேராத ஒன்றும் உண்டு. மூன்றாண்டாக அக்காரை ஓட்டியவர் அவர் ஒருவரே. எங்கே உரசியது, எப்போது எண்ணெய் மாற்றியது என்பதெல்லாம் அவர் அறிவார். சந்தையில் வாங்கும் பிறிதொரு காருக்கு அச்சரித்திரம் தெரியாது. இதனை யான் பெரிதாக மதிப்பேன். ஆனால் உற்பத்தியாளரின் முழு உத்தரவாதமும் 3 ஆண்டு அல்லது 36,000 மைல் என்ற அளவோடு முடிகின்றது. குத்தகை முடியும் நாளிலேயே பழுதின் செலவும் அவருடையதாகும்.

இன்னொன்றும் எழுதியிருந்தார். ஒப்பந்தத்தில் இல்லாத 'தயாரிப்புக் கட்டணம்' ஒன்றை விற்பனை நிலையத்தார் கேட்கின்றனராம். அது எந்தப் பிரிவின்படி என்று எழுத்திற் கேட்குமாறும், குத்தகைக் கம்பனியிடம் நேரே பணஞ் செலுத்த இயலுமா என்று விசாரிக்குமாறும் மறுமொழி விடுத்தேன். அதற்குமுன் அந்நிலையத்தோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காரைக் காட்டுதல் வேண்டும். பழுதில்லையெனின் வாங்குக என்றேன். தவணை முடிய இன்னும் இரண்டு மாதம் உளது.