மின்சிகரெட்டும் குறைந்த தீமையும்

ஒரு தீமையை முற்றிலும் ஒழிக்க இயலாதவிடத்து, அதனைக் குறைத்துக்கொள்ளுதல் நன்மையாகுமா? ஒழுக்கவியலின் இப்பழைய வினா, மின்சிகரெட்டினால் மீண்டும் நம்முன் எழுந்துள்ளது. இங்கிலாந்தும் இந்தியாவும் இதற்கு முரண்பட்ட விடைகளை அளித்துள்ளன. அவ்விடைகளின் அடிப்படையை இங்கு ஆராய்வோம்.

முதலாவதாக, கருவியின் தன்மையை அறிதல் வேண்டும். சீன மருந்தாளுநர் ஹோன் லிக் 2003-ஆம் ஆண்டளவில் இதன் தற்கால வடிவத்தை உருவாக்கினார். அவர் தாமே புகைப்பவர். அவ்வழக்கத்தை விட்டொழிக்க வழி தேடியவர். மின்கலம் ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்குகிறது. நிக்கோட்டினும் சுவைப்பொருள்களும் கலந்த திரவம் நுண்துளிகளாகி நுரையீரலை அடைகிறது. புகையிலை எரிவதில்லை, ஆகவே எரிதலினால் விளையும் தார் இதில் இல்லை. ஆயினும் நிக்கோட்டின் உண்டு. அதனோடு அடிமைத்தனமும் உண்டு.

இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத்துறை 2015-இல், இது சிகரெட்டைவிட ஏறத்தாழ 95 விழுக்காடு தீங்கு குறைந்தது என மதிப்பிட்டது. அம்மதிப்பீட்டின் சான்றுகள் போதா என்று மருத்துவ அறிஞர் சிலர் மறுத்தனர். எனினும் 2023-இல், புகைப்போர் பத்து இலட்சம் பேருக்குச் சிகரெட்டுக்கு மாற்றாக இதனை வழங்கும் திட்டத்தை அந்நாட்டு அரசு அறிவித்தது. பின்னர் சிறுவரிடையே இப்பழக்கம் பெருகியமையால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகைகளின் விற்பனை 2025 ஜூன் முதல் தடுக்கப்பட்டது.

இந்தியாவோ 2019-இல் முதலில் அவசரச் சட்டத்தினாலும், பின்னர் நாடாளுமன்றச் சட்டத்தினாலும், இதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடைசெய்தது. முதற் குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இளைஞரைக் காத்தலே அதன் முதன்மையான நோக்கம். அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. அமெரிக்காவில் 2019-இல் உயர்நிலைப்பள்ளி மாணவருள் நால்வரில் ஒருவருக்கு மேற்பட்டோர் இதனைப் பயன்படுத்தியதாக அரசின் ஆய்வு காட்டிற்று.

இவ்விரு விடைகளுள் எது சரியானது? நாம் கவனிக்கவேண்டியது யாதெனில், ‘குறைந்த தீமை’ என்பது ஓர் ஒப்பீடு. எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே கேள்வி. நாற்பது ஆண்டுகள் புகைத்தவருக்கு ஒப்பீடு சிகரெட். அவருக்கு இது ஓரளவு விடுதலையாகலாம். புகையே அறியாத பதினைந்து வயதுச் சிறுவனுக்கோ ஒப்பீடு தூய காற்று. அவனுக்கு இது புதிய தளை. முன்னவரைக் காட்டிப் பின்னவனுக்கு விற்பது வணிகரின் தந்திரம். பின்னவனைக் காட்டி முன்னவரை மறத்தல் சட்டத்தின் குறை.

மேலும், இந்தியாவில் புகையிலையினால் ஆண்டுதோறும் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டுபோகின்றனர். எனினும் பீடியும் சிகரெட்டும் கடைகளில் கிடைக்கின்றன. பெரிய தீமைக்கு இடங்கொடுத்துச் சிறியதைத் தடுப்பது முரண்பாடே. ஆனால் இம்முரண்பாடு, புதியதை அனுமதிப்பதற்கு ஆதாரமாகாது. பழையதை இன்னும் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தவேண்டும் என்பதற்கே ஆதாரமாகும்.

ஆயர்களும் ஆயராகப் பயில்வோரும் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் நலம். ஆலோசனை நாடி வருகிறவர் எந்த நிலையிலிருந்து வருகிறார் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். இளைஞனிடம், விருப்பம் எனத் தொடங்குவது விரைவில் விருப்பத்தையே பறித்துவிடும் என்பதை விளக்குவோம். நெடுநாள் புகைப்பவரைப் பழிப்பதால் பயனில்லை. நிக்கோட்டின் மெல்லும் பசை முதலிய அனுமதிக்கப்பட்ட மருத்துவ உதவிகளுக்கு அவரை வழிநடத்துவோம். இருவருக்கும் ஒரே அறிவுரை கூறுவது எளிது. ஆனால் அது இருவருள் ஒருவரைக் கைவிடுவதாகும்.