கட்டுரையின் உறுப்புகள்

ஒரு பொருளைப் பற்றிய செய்திகளை உள்ளவாறு எடுத்துரைப்பது விளக்கக் கட்டுரை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்பன அதன் உறுப்புகளாம்.

‘பாலாறும் தோல் தொழிலும்’ என்னும் தலைப்பில் ஆம்பூர் மாணவர் ஒருவர் கட்டுரை வரைவதாகக் கொள்வோம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தமையை முன்னுரை அறிவித்து, கூறப்புகும் கருத்தையும் சுட்டும்.

பொருளுரை பத்திகளாகப் பகுக்கப்படும். ஒரு பத்திக்கு ஒரு கருத்தே உரியது. ஆவாரம்பட்டையால் பதனிட்ட பழைய முறையும், குரோமிய உப்பால் பதனிடும் பின்னை முறையும் ஒரு பத்தி. தொழிலால் பல்லாயிரவர் பிழைத்தல் மற்றொரு பத்தி. கழிவுநீரால் கிணறும் விளைநிலமும் கெட்டமையும், மாசு செய்தோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டுமென 1996-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தமையும் பிறிதொரு பத்தி. ஆண்டும் பெயரும் இங்குச் சான்றுகளாகும். சான்றில்லாத கூற்று வெறும் கேள்விச் செய்தியே.

பிழைப்பை மட்டும் கூறி நீரின் கேட்டை மறைத்தல் ‘குன்றக்கூறல்’. கேட்டினைப் பெருக்கிக் கூறுதல் ‘மிகைபடக் கூறல்’. இவ்விரண்டையும் நன்னூல் குற்றமென விலக்கும்.

முடிவுரை புதுச்செய்தி புகுத்தாது, கூறியவற்றைத் தொகுத்துரைக்கும். தோல் தொழிலாளரும் பாலாற்றங்கரை உழவரும் ஒருங்கே படித்து, ‘உள்ளது இதுவே’ என ஒப்புவரேல், அக்கட்டுரை நடுவுநிலை பிறழாததாகும்.